வாசகர் கேள்விகள்: மயிர்க்காலும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியும்

சென்ற இதழில் தலைமுடியின் அமைப்பைப் பற்றி நான் எழுதிய கட்டுரையோடு இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்கள் வெளியாகியிருந்தன. ஒன்றில் முடியின் மேற்பரப்பு, ஓடு வேய்ந்த கூரையைப் போல அடுக்கடுக்காகத் தெரிந்தது. மற்றதில் மயிர்க்காலின் குறுக்குவெட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வளையங்களாகத் தெரிந்தது. கட்டுரையைவிட அந்தப் படங்களைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களே மிகுதி. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விளக்கம். "குடும்பத்தோடு படிக்கும் இதழில் மயிர் என்ற சொல்லை இத்தனை முறை அச்சிட வேண்டுமா?" என்று ஈரோட்டு வாசகர் ஒருவர் கடிந்துகொண்டிருக்கிறார். தமிழ்நாட்டுப் பேச்சில் அது வசைச்சொல்லாகிவிட்டது உண்மைதான். யாழ்ப்பாணத்திலோ தலைமயிர் என்று இன்றும் இயல்பாகச் சொல்கிறார்கள். ஆனால் முடி வேறு, மயிர்க்கால் வேறு. முடி என்பது தோலுக்கு வெளியே நீளும் உயிரற்ற இழை. மயிர்க்கால் என்பது தோலுக்குள் புதைந்திருந்து அந்த இழையை உருவாக்கும், உயிருள்ள ஒரு சிற்றுறுப்பு. அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. மயிர்க்கூச்செறிந்தது என்று எழுதும்போது கோபிக்காதவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியிலேயே முடி ஒரு கயிற்றின் பருமனுக்குத் தெரிகிறது. அப்படியிருக்க, எலெக்ட்ரான் நுண்ணோக்கி எதற்காகத் தேவைப்படுகிறது? — அறிவியல் ஆசிரியர், கரூர்

பெரிதாகத் தெரிவது வேறு, பிரித்துத் தெரிவது வேறு. ஒரு செய்தித்தாள் படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும், அதில் அச்சாகியிருக்கும் புள்ளிகளுக்கு மேல் புதிய விவரம் எதுவும் கிடைக்காது அல்லவா? சாதாரண ஒளி நுண்ணோக்கியின் நிலையும் அதுவே. ஒளி ஓர் அலையாக இருப்பதால், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் (நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவான இடைவெளியில் இருக்கும் இரண்டு பொருள்களை அது தனித்தனியாகக் காட்டாது. இந்த எல்லையை எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் 1873-ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டினார்.

நம் தலைமுடியின் பருமன் சுமார் 60 முதல் 100 மைக்ரான் வரை (ஒரு மைக்ரான் ஆயிரம் நானோமீட்டர்) இருப்பதால், அது பள்ளி நுண்ணோக்கிக்கு எளிதில் அகப்படுகிறது. ஆனால் அதன் மேலே போர்த்தியிருக்கும் ஒவ்வொரு செதிலின் கனமும் அரை மைக்ரான்தான். முடிக்கு வலிமை தரும் கெரட்டின் என்ற புரத இழைகளின் விட்டமோ 7 அல்லது 8 நானோமீட்டர். ஒளியின் எல்லைக்கு இருபத்தைந்து மடங்கு கீழே கிடக்கிறது. அங்கே ஒளிக்கு வேலையில்லை.

எலெக்ட்ரானும் அலைபோல நடந்துகொள்ளும் என்பதும், காந்தப் புலத்தால் அதை வில்லை போலக் குவிக்கலாம் என்பதும் தெரிந்த பிறகே வழி பிறந்தது. பெர்லினில் மாக்ஸ் நோல், எர்ன்ஸ்ட் ருஸ்கா இருவரும் 1931-இல் முதல் கருவியை அமைத்தார்கள். அதற்கான நோபல் பரிசு ருஸ்காவுக்கு 1986-இல், அதாவது 55 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. நோல் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஒரு லட்சம் வோல்ட் அழுத்தத்தில் விரையும் எலெக்ட்ரானின் அலைநீளம், பச்சை ஒளியின் அலைநீளத்தைவிட ஏறத்தாழ ஒன்றரை லட்சம் மடங்கு சிறியது. காந்த வில்லைகளில் உள்ள குறைகளால் அதன் முழுப் பலனும் நமக்குக் கிடைப்பதில்லை. கிடைக்கும் பலனே கெரட்டின் இழையைத் தனித்துக் காட்டப் போதுமானது.

இதில் இரண்டு வகைக் கருவிகள் உண்டு. மிக மெல்லிய சீவலின் ஊடாக எலெக்ட்ரான்களைச் செலுத்தி உள்ளமைப்பைக் காட்டுவது ஊடுருவு நுண்ணோக்கி. பொருளின் மேற்பரப்பை எலெக்ட்ரான் கற்றையால் வரிவரியாக வருடிப் புறத்தோற்றத்தைக் காட்டுவது வருடு நுண்ணோக்கி. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இவற்றை "டெம்", "செம்" என்றே சொல்வோம். சென்ற இதழில் வந்த செதில் படம் செம்; வளையப் படம் டெம்.

கேள்வி: ஐயா, மயிர்க்காலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பதற்கு எப்படித் தயார் செய்கிறார்கள்? தோலை அப்படியே உள்ளே வைத்துவிட முடியாதா? — உயிரியல் மாணவி, திருநெல்வேலி

முடியாது அம்மா. எலெக்ட்ரான்கள் காற்றில் மோதிச் சிதறிவிடும் என்பதால் கருவியின் உட்புறம் வெற்றிடமாக இருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தில் ஈரமான திசுவை வைத்தால் அதில் உள்ள நீர் கொதித்து வெளியேறித் திசு சுருங்கிப்போகும். ஆகவே, திசுவின் அமைப்பைக் குலைக்காமல் அதிலிருந்து நீரை அகற்றுவதே இந்தக் கலையின் பாதி.

முதலில் மாதிரி. இசைவு பெற்ற ஒருவரின் தலைத் தோலை மரத்துப்போகச் செய்து, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தியால் சிறு துண்டை எடுப்பார்கள். முடி தோலிலிருந்து சாய்வாகத்தான் வெளியே வருகிறது என்பதால், கத்தியையும் அதே சாய்வில் இறக்க வேண்டும். நேராக இறக்கினால் மயிர்க்கால் நடுவில் வெட்டுப்பட்டு, அடிக்குமிழ் தோலிலேயே தங்கிவிடும். முடி நடும் சிகிச்சையில் மிஞ்சும் மயிர்க்கால்களையும் இசைவோடு ஆய்வுக்குப் பயன்படுத்துவதுண்டு.

எடுத்த துண்டைச் சிறிதாக நறுக்கி, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் குளூட்டரால்டிஹைடு கரைசலில் போட வேண்டும். அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, செல்லை அது இருந்த நிலையிலேயே நிறுத்திவிடுகிறது. ஆனால் அது திசுவுக்குள் மிக மெதுவாகவே ஊடுருவும். துண்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாக இருந்தால், நடுவில் உள்ள செல்கள் மருந்து சேர்வதற்கு முன்பே அழியத் தொடங்கிவிடும். அப்படி அழிந்ததைப் படம் பிடித்துவிட்டு, நோயின் அறிகுறி என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர். அடுத்தது ஆஸ்மியம் டெட்ராக்சைடு. அது கொழுப்புப் படலங்களைப் பிடித்து நிறுத்துவதோடு, கன உலோகம் என்பதால் எலெக்ட்ரான்களைச் சிதறடித்துப் படத்தில் கறுப்பையும் தருகிறது. வெண்மையாக உள்ளே போன துண்டு இரண்டு மணி நேரத்தில் மிளகு போலக் கறுத்துவிடும். அதன் ஆவி கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. காற்றை வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்துத்தான் அதைத் திறக்க வேண்டும்.

பிறகு, செறிவைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் ஆல்கஹாலில் முக்கி நீரை அகற்றுவோம். நீர் இருந்த இடத்தில் எப்பாக்சி ரெசினைப் புகுத்தி, 60 டிகிரி வெப்பத்தில் இரண்டு நாள் வைத்தால், மயிர்க்கால் ஒரு சிறு கண்ணாடிக் கட்டி போன்ற பிசினுக்குள் உறைந்து நிற்கும். அந்தக் கட்டியைக் கண்ணாடிக் கத்தியாலோ வைரக் கத்தியாலோ 70 நானோமீட்டர் கனத்துக்குச் சீவ வேண்டும். ஒரு தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பருமனுக்குள் ஆயிரம் சீவல்கள் அடங்கும். 4 மில்லிமீட்டர் நீளமுள்ள மயிர்க்காலை அடி முதல் நுனி வரை குறுக்கே சீவினால் ஐம்பத்தேழாயிரம் சீவல்கள் கிடைக்கும்.

சீவல்கள் கத்தியின் பின்னால் உள்ள சிறு தொட்டி நீரில் மிதந்து வரும் காட்சியை எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. கனத்தை அளந்து பார்க்க வேண்டியதில்லை, நிறமே சொல்லிவிடும். மழைநீரில் படர்ந்த எண்ணெய் நிறம் காட்டுவது போலவே, வெள்ளி நிறத்தில் மிதந்தால் சரியான கனம், பொன்னிறமானால் சற்றுத் தடிப்பு, ஊதாவுக்கு வந்துவிட்டால் பயனில்லை. நல்ல சீவலை மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள செப்பு வலையில் ஏந்தி, யுரேனியம் உப்பாலும் ஈய உப்பாலும் சாயமேற்றி, கருவிக்குள் வைப்போம்.

மற்றத் திசுக்களில் இல்லாத ஒரு தொல்லை மயிர்க்காலில் உண்டு. அதன் அடியில் உள்ள செல்கள் நுங்கைப் போல மென்மையானவை. ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் நடுவில் இருக்கும் முடி கொட்டாங்கச்சி போலக் கெட்டியானது. கெட்டியான கெரட்டினுக்குள் ரெசின் சரியாகப் புகாது. ஒரே சீவலில் இரண்டையும் வெட்டும்போது, கத்தி நடுங்கிக் கோடு விழும், அல்லது முடி மட்டும் தனியே கழன்று வந்து சீவலில் ஓட்டை விழும். நான் முதன்முதலில் வெட்டிய மயிர்க்கால் கட்டியில், மூன்று நாள் உழைத்து இருபது சீவல்கள் எடுத்து, கருவியில் வைத்துப் பார்த்தால் இருபதிலும் நடுவில் அழகான வட்ட ஓட்டை மட்டுமே இருந்தது. ரெசின் புக ஒரே நாள்தான் விட்டிருந்தேன். கட்டியையும் கோணலாகப் பொருத்தியிருந்தேன். அதன் பிறகு, மெல்லிய சீவலுக்கு முன்னால் ஒரு மைக்ரான் கனத்தில் சில துண்டுகளை வெட்டி, நீலச் சாயமிட்டு, ஒளி நுண்ணோக்கியில் கோணத்தைச் சரிபார்க்காமல் நான் கத்தியைத் தொட்டதே இல்லை.

கேள்வி: இவ்வளவு செய்த பிறகு மயிர்க்கால் செத்துவிடுகிறதே! செத்த ஒன்றைப் பார்த்து, முடி எப்படி வளர்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? — வாசகர், தஞ்சாவூர்

வந்த கடிதங்களிலேயே என்னை மிகவும் மகிழ்வித்த கேள்வி இது.

கல்லீரலிலிருந்தோ மூளையிலிருந்தோ ஒரு துண்டு எடுத்தால், அது எடுக்கப்பட்ட அந்த ஒரு கணத்தின் படம் மட்டுமே கிடைக்கும். மயிர்க்கால் அப்படியல்ல. அதன் அடிக்குமிழில், பாப்பில்லா என்னும் சிறு மொட்டைச் சூழ்ந்துள்ள செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. பிறந்த செல்கள் கீழிருந்து வரும் புதியவற்றால் மேலே தள்ளப்பட்டு, போகும் வழியில் நீண்டு, கெரட்டினால் நிரம்பி, கருவை இழந்து, இறுதியில் முடியாகின்றன. தலைமுடி நாளொன்றுக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. எனவே குமிழுக்கு மேலே நெடுகிலும் ஒரு மில்லிமீட்டர் உயரம் என்பது ஏறக்குறைய மூன்று நாள். நீளவாட்டில் சரியாக வெட்டிய ஒரே ஒரு மயிர்க்காலில், இன்று பிறந்த செல்லும், நேற்றையதும், முந்தாநாளையதும் வரிசை கலையாமல் நிற்கின்றன. நாட்காட்டியைத் தாள் கிழிக்காமல் அடுக்கி வைத்தது போல. காலத்தை நீளமாக மாற்றித் தரும் இந்தக் குணத்தால்தான், கெரட்டின் உருவாகும் விதத்தை அறிய விரும்பியவர்கள் தோலின் மற்றப் பகுதிகளைவிட மயிர்க்காலை நாடினார்கள்.

அந்த வாய்ப்பை முதன்முதலில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர்கள் லண்டனைச் சேர்ந்த பர்பெக், மெர்சர் என்ற இருவர். மனித மயிர்க்காலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து 1957-இல் அவர்கள் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, முடியின் உள்ளகம், மேற்செதில்கள், மயிர்க்காலுக்குள் முடியைச் சுற்றியிருக்கும் உள்வேர் உறை ஆகிய மூன்றையும் அடியிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாகத் தொடர்ந்து சென்றது. குளூட்டரால்டிஹைடு முறை 1963-இல்தான் வந்தது. அது இல்லாத காலத்தில் அவ்வளவு தெளிவாகப் பார்த்தார்கள் என்பதே வியப்புக்குரியது.

அவர்கள் காட்டியவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே குமிழில் அருகருகே பிறந்த செல்கள் மூன்று வேறு வழிகளில் கெட்டியாகும் விதம். உள்ளகச் செல்களில் முதலில் மெல்லிய இழைகள் தோன்றிக் கற்றைகளாகச் சேர்கின்றன. அவற்றின் இடைவெளியைக் கந்தகம் மிகுந்த புரதம் பிறகு நிரப்புகிறது. குறுக்கே வெட்டிப் பார்த்தால், கறுத்த பின்புலத்தில் வெளிறிய புள்ளிகள் கைரேகை போலச் சுழித்திருக்கும். செதில் செல்களில் இழைகளே இல்லை. புரத உருண்டைகள் செல்லின் வெளிப்புற ஓரத்தில் வந்து ஒதுங்கி, ஒன்றுகூடிப் பாளமாகின்றன. உள்வேர் உறையிலோ டிரைக்கோஹயலின் என்ற கருத்த துளிகள் பெருகி, ஒரு கட்டத்தில் திடீரென இழைகளோடு கலந்து கெட்டிப்படுகின்றன.

இந்த உள்வேர் உறை முடியைவிட முந்திக் கெட்டியாகிவிடுகிறது. அச்சு முதலில் இறுகி, அதற்குள் முடி வார்க்கப்படுகிறது என்று சொல்லலாம். உறையின் உட்புறச் செதில்கள் கீழ்நோக்கியும் முடியின் செதில்கள் மேல்நோக்கியும் அமைந்து ஒன்றையொன்று கோத்துக்கொண்டிருப்பதை டெம் படத்தில் பார்க்கும்போது, ஒரு முடி ஏன் எளிதில் கழன்று வருவதில்லை என்பது புரியும். எண்ணெய்ச் சுரப்பியின் வாய் வரை முடியோடு கூடவே ஏறும் உறை, அங்கே சிதைந்து உதிர்ந்துவிட, முடி மட்டும் தனியே வெளியேறுகிறது.

பர்பெக்கின் பெயர் இன்று தோல் மருத்துவம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மயிர்க்காலுக்காக அல்ல. வெண்குஷ்டம் என்று நாம் தவறாக அழைக்கும் வெண்புள்ளித் தோலை ஆராய்ந்தபோது, லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற தோலின் நோய்த்தடுப்புச் செல்களுக்குள் டென்னிஸ் மட்டை வடிவத்தில் சிறு உறுப்புகள் இருப்பதை அவரும் கூட்டாளிகளும் கண்டு 1961-இல் வெளியிட்டார்கள். அவை பர்பெக் துகள்கள் எனப்படுகின்றன.

கேள்வி: உங்கள் படத்தில் "ஹக்ஸ்லி அடுக்கு", "ஹென்லே அடுக்கு" என்று குறித்திருந்தீர்கள். இவர் டார்வினுக்காக வாதாடிய ஹக்ஸ்லியா? — வாசகி, புதுச்சேரி

அவரேதான். தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி லண்டனில் மருத்துவ மாணவராக இருந்தபோது, தம் இருபதாவது வயதில், 1845-இல் வெளியிட்ட முதல் ஆய்வுக் குறிப்பே உள்வேர் உறையில் அதுவரை அறியப்படாதிருந்த அந்த அடுக்கைப் பற்றியதுதான். ஹென்லே என்பவர் ஜெர்மானிய உடற்கூறியலாளர் யாக்கோப் ஹென்லே. மேல்நிலைப் பள்ளி உயிரியலில் சிறுநீரகத்தின் ஹென்லே வளைவைப் படித்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள். இருவரும் ஒளி நுண்ணோக்கியில் பார்த்தவர்கள். ஹக்ஸ்லி அடுக்கின் சில செல்கள் ஹென்லே அடுக்கின் இடுக்குகள் வழியே கையை நீட்டி அதற்கு அப்பால் உள்ள அடுக்கைத் தொட்டுக்கொண்டிருப்பதை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி பின்னாளில் தெளிவாகக் காட்டியது.

கேள்வி: தலை சீவும்போது உதிரும் முடியின் நுனியில் வெள்ளையாக ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறது, இனி அந்த இடத்தில் முளைக்காது என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா? — இல்லத்தரசி, சேலம்

உங்கள் மாமியார் கவனித்தது சரி, முடிவுதான் சரியில்லை. அந்த வெள்ளை முடிச்சு வேர் அல்ல. ஒவ்வொரு மயிர்க்காலும் சில ஆண்டுகள் வளர்ந்தபின், இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது. ஓய்வுக்குப் போகும்போது முடியின் அடிப்பகுதி நிறமியின்றிக் கெட்டியாகி, குண்டாந்தடி போலத் தடிக்கிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதன் ஓரம் தேய்ந்த தூரிகையைப் போலப் பிசிறுபிசிறாகத் தெரியும். அந்தப் பிசிறுகளே சுற்றியுள்ள செல்களைப் பற்றிக்கொண்டு, புது முடி வரும் வரை பழையதைத் தாங்கி நிற்கின்றன. முடியை உருவாக்கும் பாப்பில்லாவும், அதைப் புதுப்பிக்கும் மூலச் செல்களும் தோலிலேயே பத்திரமாக இருக்கின்றன. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி இப்படி உதிர்வது இயல்பு.

வளரும் பருவத்தில் இருக்கும் முடியை வலிய இழுத்துப் பிடுங்கினால் வருவது வேறு. அதன் அடி கறுத்து, ஈரப் பளபளப்போடு ஓர் உறை சுற்றியிருக்கும். நான் மேலே சொன்ன உள்வேர் உறை அதுதான். அப்போதும் பாப்பில்லா பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடுகிறது.

கேள்வி: தேங்காய் எண்ணெய் மயிர்க்காலின் வேர் வரை இறங்குகிறது என்கிறார்களே. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் பார்த்திருக்கிறீர்களா? — வாசகர், நாகர்கோவில்

பார்த்ததில்லை, வழக்கமான முறையில் யாரும் பார்க்கவும் முடியாது. தயாரிப்பு முறையை மேலே விவரித்தேன் அல்லவா? ஆஸ்மியம், கொழுப்பு மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைத்தான் பற்றிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு, இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற வகை. ஆஸ்மியத்துக்குப் பிடிகொடுக்காத அந்த எண்ணெயை அடுத்து வரும் ஆல்கஹாலும் கரைப்பான்களும் கழுவிக்கொண்டு போய்விடும். படத்தில் எண்ணெய் தெரியவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. "எங்கள் எண்ணெய் வேர் வரை இறங்குவதை எலெக்ட்ரான் நுண்ணோக்கி நிரூபித்துவிட்டது" என்று ஒரு விளம்பரம் சொன்னால் அதை நம்பவும் வேண்டாம்.

தோலுக்கு வெளியே உள்ள முடியைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இழைக்குள் ஓரளவு ஊடுருவி, தலை குளிக்கும்போது முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்றும், 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு வேறு அளவீட்டு முறைகளால் காட்டியிருக்கிறது. பாட்டிகள் குளிப்பதற்கு முன்பே எண்ணெய் வைத்ததில் காரணம் இல்லாமல் இல்லை.

கேள்வி: நரைத்த மயிர்க்காலில் என்ன மாற்றம் தெரியும்? — ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், விருதுநகர்

பாப்பில்லாவின் உச்சியைச் சூழ்ந்து நிறமிச் செல்கள் அமர்ந்திருக்கும். அவை மெலனோசோம் என்ற சிறு பொதிகளில் மெலனின் என்ற நிறமியைத் தயாரித்து, தம் நீண்ட கிளைகள் வழியே அருகில் உள்ள உள்ளகச் செல்களுக்குக் கைமாற்றுகின்றன. மெலனோசோம் வெறும் மையுருண்டை அல்ல. தொடக்க நிலையில் அதற்குள் கோடுகோடாக ஒரு சட்டகம் தெரியும், அதன் மேல்தான் மெலனின் படிந்து படிந்து இறுதியில் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. நரைக்கத் தொடங்கிய மயிர்க்காலில் நிறமிச் செல்கள் எண்ணிக்கையில் குறைந்து, எஞ்சியவற்றில் வெற்றுக் குமிழிகள் மலிந்து, பாதி நிரம்பிய மெலனோசோம்களே மிகுந்திருக்கும். முழுவதும் நரைத்ததில் அந்தச் செல்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியின் கட்டுமானமோ அப்படியே இருக்கும். கைரேகைச் சுழிப்பும் செதிலும் குறைவதில்லை.

அழகு நிலையத்தில் கறுப்பு முடியை வெளுக்கச் செய்தால் கிடைக்கும் படம் இதற்கு நேர்மாறு. பெராக்சைடு மெலனினைக் கரைத்துவிட, மெலனோசோம் இருந்த இடங்களில் ஓட்டைகள் தெரியும். இரண்டும் வெள்ளை முடிதான். ஒன்றில் சரக்கு வரவே இல்லை. மற்றதில் வந்த சரக்கு களவுபோயிருக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு இருபத்து நான்கு வயதிலேயே முடி கொட்டுகிறது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் பரிசோதனை செய்தால் காரணம் தெரியுமா? எங்கே செய்கிறார்கள்? — வாசகி, மதுரை

வேண்டாம் அம்மா. பொதுவான முடி உதிர்வுக்கு இது உதவாது. செலவும் காத்திருப்புமே மிஞ்சும். தோல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் உருப்பெருக்கியால் தலையைப் பார்த்து, சில முடிகளை மெல்ல இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இரும்புச் சத்து, தைராய்டு பரிசோதனைகளைச் சொல்வார். தோல் துண்டு எடுக்க நேர்ந்தாலும் அதற்கு ஒளி நுண்ணோக்கியே போதும்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி உண்மையில் உதவுவது சில அரிய பிறவிக் குறைபாடுகளில். சில குழந்தைகளின் முடி வைக்கோல் நிறத்தில், எப்படிச் சீவினாலும் படியாமல் விறைத்து நிற்கும். செம் கருவியில் பார்த்தால் அந்த முடி உருளையாக இல்லாமல் முக்கோண வடிவில், நெடுக ஒரு பள்ளத்தோடு இருப்பது சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். உள்வேர் உறையை இறுகச் செய்யும் புரதங்களில் நேரும் பிழைகளே அதற்குக் காரணம் என்று 2016-இல் கண்டறிந்தார்கள். அச்சு கோணினால் வார்ப்பும் கோணும்.

கேள்வி: பழனியில் குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்பது அறிவியல்படி சரியா? — வாசகர், திண்டுக்கல்

வேண்டுதலுக்காகப் போடுங்கள், அடர்த்திக்காக வேண்டாம். சவரக் கத்தி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. முடியின் பருமனையும் வேகத்தையும் தீர்மானிக்கும் குமிழ், பெரியவர்களின் தலையில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே நடந்தது அதற்குத் தெரியவே தெரியாது. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் 1928-லேயே சிலரின் மழித்த முடியை அளந்து பார்த்து, சவரத்தால் மாற்றம் ஏதும் இல்லை என்று எழுதினார். செம் கருவியில் பார்த்தால் மயக்கத்தின் காரணம் புரியும்: மழிக்காத முடியின் நுனி நாணல் போலக் கூர்ந்திருக்கும், மழித்ததன் நுனி வெட்டிய கரும்பு போலத் தட்டையாக இருக்கும். கைக்குச் சொரசொரவென்று படுவதால் தடித்துவிட்டது என்று நினைக்கிறோம்.

கேள்வி: சில இதழ்களில் மயிர்க்கால் படங்கள் நீலமும் ஆரஞ்சுமாக வருகின்றன. உங்கள் படங்களில் மட்டும் ஏன் நிறம் இல்லை? — கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

நிறம் ஒளிக்கு உரியது, எலெக்ட்ரானுக்கு நிறமில்லை. அந்த நீலமும் ஆரஞ்சும் பிறகு கணினியில் தீட்டியவை. செம் மாதிரிகளின் மேல் சில நானோமீட்டர் கனத்துக்குத் தங்கம் பூசுவதால், உள்ளபடியே நிறம் காட்டினால் எல்லார் முடியும் பொன்முடியாகத்தான் இருக்கும்.

கேள்வி: மாமா, நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டில் நுண்ணோக்கி எதுவும் இல்லை. முடியில் செதில் இருப்பதை நான் எப்படித் தெரிந்துகொள்வது? — மாணவன், அறந்தாங்கி

கண்ணால் பார்க்க முடியாது தம்பி, விரலால் தெரிந்துகொள்ளலாம். அம்மாவின் சீப்பிலிருந்து ஒரு நீண்ட முடியை எடுத்துக்கொள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதை நீளவாட்டில் பிடித்து, விரல்களை முன்னும் பின்னுமாகத் தேய்த்துக்கொண்டே இரு. நீ இழுக்காமலேயே முடி ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். செதில்களின் விளிம்பு நுனியைப் பார்த்து இருப்பதால், விரல் நுனிப்பக்கம் போகும்போது வழுக்கும். வேர்ப்பக்கம் திரும்பும்போது விளிம்பில் மாட்டி முடியையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே எந்த முனை முன்னால் போகிறதோ அதுதான் வேர்ப்பக்கம். முடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து மறுபடி செய்து பார். இப்போது எதிர்ப்பக்கம் ஓடும். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு செய். எண்ணெயோ வேர்வையோ இருந்தால் முடி விரலில் ஒட்டிக்கொண்டு நகராது.